அம்மாவின் சர்க்கரையும் அறை வாடகையும்: மருத்துவக் காப்பீடு எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. கோயம்புத்தூரில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கும் உங்களுக்கு வயது 34. வீட்டில் மனைவி, மூன்று வயது மகள், 63 வயது அப்பா, 58 வயது அம்மா. அம்மாவுக்கு ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அலுவலகத்தில் 3 லட்சம் ரூபாய்க்குக் குழுக் காப்பீடு கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஒரு முகவர் ஐந்து பேருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஒரே ஃப்ளோட்டர் பாலிசியை, அதாவது ஒரே காப்பீட்டுத் தொகையைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் பாலிசியைக் காட்டி, பிரீமியம் குறைவு என்கிறார். அம்மாவின் சர்க்கரையைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

அந்த வடிவத்தில் எடுக்க வேண்டாம். முகவர் சொன்ன இரண்டு யோசனைகளும் தனித்தனியாகவே தவறானவை. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது உங்கள் மகளுக்கான பாதுகாப்பையும் சேர்த்துப் பறித்துவிடக் கூடியவை. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேஜையில் பதினான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். பாலிசி விற்றவனும் இல்லை, கிளைமை நிராகரித்தவனும் இல்லை; இரண்டுக்கும் நடுவில் நின்று, டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்தவன். ஆகவே என் பதில் பிரீமியத்திலிருந்து தொடங்காமல், கடைசி நாள் பில்லிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பில்லில் அதிகமானோர் அடிபடுவது அறை வாடகையில்தான். பழைய பாலிசிகள் பலவற்றிலும், விலை குறைந்த புதிய பாலிசிகள் சிலவற்றிலும், நாள் ஒன்றுக்கு அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம்வரை என்று ஒரு வரி இருக்கும். 3 லட்சத்துக்குப் பாலிசி என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். ஒருவர் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கி அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 30,000, அறுவைச் சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து மருத்துவர், தியேட்டர், செவிலியர் கட்டணங்கள் சேர்ந்து 1,20,000, மருந்துகள் 40,000, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் 20,000, காப்பீட்டில் வராத சில்லறைப் பொருட்கள் 10,000. மொத்தம் 2,20,000. காப்பீட்டுத் தொகைக்குள்தானே இருக்கிறது, அறைக்கான கூடுதல் 15,000 ரூபாயையும் சில்லறை 10,000 ரூபாயையும் கட்டினால் போதும் என்று அவர் நினைப்பார். அங்கேதான் கணக்கு மாறுகிறது. தகுதியான அறையைவிட இரண்டு மடங்கு வாடகையுள்ள அறையில் தங்கியதால், அறையோடு சேர்ந்து ஏறும் கட்டணங்களாகக் கருதப்படும் அந்த 1,20,000 ரூபாயும் பாதியாக வெட்டப்பட்டு 60,000 ஆகிவிடும். ஆக, நிறுவனம் தருவது 15,000, 60,000, 40,000, 20,000 என்று சேர்ந்து 1,35,000. கையிலிருந்து கட்ட வேண்டியது 85,000 ரூபாய்.

இந்த வெட்டுக்கு விகிதாசாரக் கழிவு என்று பெயர். இதற்கும் வரம்புகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மருந்துகள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதத்தைக் கொண்டு வெட்டக் கூடாது. அறைக்கு ஏற்றபடி கட்டணத்தை மாற்றாமல் எல்லா நோயாளிகளிடமும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனையிலும் இதைச் செய்யக் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. இருந்தாலும் வெட்டிய பிறகு வாதாடுவதைவிட, அறை வாடகைக்கு உச்சவரம்பே இல்லாத பாலிசியாக எடுத்துவிடுவது நல்லது. பிரீமியத்தில் சேமிக்கும் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயை இந்த ஒரு வரி ஒரே நாளில் திருப்பி எடுத்துக்கொள்ளும். "ஒற்றை ஏசி அறை" என்று வகையைக் குறிப்பிட்டிருக்கும் பாலிசிகள் இரண்டாம் தேர்வு. அதிலும் மருத்துவமனையின் டீலக்ஸ் அறையைத் தேர்ந்தெடுத்தால் இதே கதைதான்.

அடுத்து, அம்மாவின் சர்க்கரை. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், அந்தக் காலத்தில் சிகிச்சை பெற்ற அல்லது சிகிச்சை பரிந்துரைக்கப்பட்ட நோயும் முன்பே இருந்த நோய் எனப்படும். ஆறு ஆண்டுகளுக்கு முன் கண்டறிந்ததாக இருந்தாலும் அம்மா இன்றும் மாத்திரை சாப்பிடுவதால், அது சந்தேகமில்லாமல் இந்த வரையறைக்குள் வருகிறது. இத்தகைய நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது காப்பீடு கிடைக்காத தொடக்கக் காலம், அதிகபட்சம் 36 மாதங்கள்தான் இருக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன் அது 48 மாதங்களாக இருந்தது. உண்மையை எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் ஓரளவு ஏறலாம், மருத்துவப் பரிசோதனை கேட்கலாம், சில நிறுவனங்கள் மறுக்கவும் செய்யலாம். ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தில், மூன்று ஆண்டுகள் முடிந்ததும் சர்க்கரையால் வரும் இதயச் சிக்கலுக்கும், சிறுநீரகச் சிக்கலுக்கும், ஆறாத கால் புண்ணுக்கும் காப்பீடு கிடைக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால் இந்தக் காத்திருப்பைக் குறைத்துத் தரும் பாலிசிகளும் சந்தையில் உள்ளன.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை என் மேஜையிலிருந்து சொல்கிறேன். நோயாளி உள்ளே வந்ததும் பயிற்சி மருத்துவர் ஒருவர் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "சுகர், பிரஷர் ஏதாவது இருக்காம்மா? எத்தனை வருசமா?" என்று கேட்பார். காய்ச்சலிலும் வலியிலும் இருக்கும் அந்த அம்மா, "அது ஒரு பத்து வருசமா இருக்கு தம்பி" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடுவார். ஆறு ஆண்டு பத்தாகிவிடும். அந்த ஒரு வரியின் நகல் டிபிஏ எனப்படும் கிளைம் நிர்வாக நிறுவனத்துக்குப் போகும். அங்கிருந்து, முதன்முதலில் சர்க்கரை கண்டறிந்த நாளின் மருந்துச்சீட்டை அனுப்புங்கள் என்று ஒரு கேள்வி வரும். அந்தச் சீட்டு யாரிடமும் இருக்காது. நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி மறுக்கப்படும், மகன் வராந்தாவில் நின்றபடி நகைக்கடன் வாங்க யாருக்கோ போன் செய்துகொண்டிருப்பார். இதை நான் ஒரு முறை இரு முறை அல்ல, மாதம் தவறாமல் பார்த்திருக்கிறேன். சர்க்கரையை மறைத்தவர்கள் மட்டுமல்ல, உண்மையைச் சொல்லிவிட்டு ஆண்டுக் கணக்கை மட்டும் வாய் தவறிக் கூட்டிச் சொன்னவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். ஆகவே அம்மாவின் பழைய மருந்துச்சீட்டுகளில் தேதி உள்ள ஒன்றையாவது பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது இந்த விவரத்தை வீட்டில் ஒருவரே, ஒரே மாதிரி சொல்லுங்கள்.

"ஐந்து வருசம் ஓட்டிவிட்டால் யாரும் கேட்க முடியாது" என்று முகவர் அடுத்ததாகச் சொல்லக்கூடும். தொடர்ச்சியாக 60 மாதங்கள் புதுப்பித்த பாலிசியில், விவரம் மறைத்ததாகச் சொல்லி கிளைமை மறுக்க முடியாது என்ற விதி உண்மைதான். முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்ததை 2024இல் ஐந்தாகக் குறைத்தார்கள். ஆனால் நிரூபிக்கப்பட்ட மோசடிக்கு அந்த விதி பொருந்தாது. தெரிந்தே மறைத்ததை மோசடி என்று நிறுவனம் வாதிடுவதற்கான கதவை நீங்களே எதற்குத் திறந்து வைக்க வேண்டும்? அந்த ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் கண்டுபிடித்தால், விவரம் மறைத்த பாலிசி செல்லாது என்றும் கட்டிய பிரீமியம் திரும்பக் கிடைக்காது என்றும் சொல்லும் நிபந்தனை ஏறத்தாழ எல்லாப் பாலிசிகளிலும் இருக்கிறது. ஐந்து பேரும் ஒரே பாலிசியில் இருந்தால், அம்மாவின் ஒரு பதிலால் மகளின் காப்பீடும் சேர்ந்தே ஆட்டம் காணும். இரண்டு யோசனைகளும் ஒன்றாகச் சேர்வது ஆபத்து என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

சர்க்கரையே இல்லாவிட்டாலும் பெற்றோரை உங்கள் ஃப்ளோட்டரில் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். பெரும்பாலான ஃப்ளோட்டர் பாலிசிகளில் குடும்பத்தில் மூத்தவரின் வயதே பிரீமியத்தைத் தீர்மானிக்கிறது. அப்பாவுக்கு 66, 70 என்று வயது ஏற ஏற, உங்கள் மூவருக்கான பங்கும் அவர் வயதோடு சேர்ந்து ஏறும். காப்பீட்டுத் தொகையும் பொது. அப்பாவின் பைபாஸ் சிகிச்சை ஒன்று அதில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால், மகளுக்கு டெங்கு வரும்போது மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று பார்க்க வேண்டிய நிலை வரும். தீர்ந்த தொகையை மீண்டும் நிரப்பித் தரும் வசதி பல பாலிசிகளில் இருந்தாலும், அதே நபருக்கு அதே நோய்க்கு அது பொருந்துமா என்பதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். உங்கள் மூவருக்கு ஒரு ஃப்ளோட்டர், அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று பிரிப்பதே சரி. மொத்தப் பிரீமியம் சற்றுக் கூடும். அந்தக் கூடுதலை நான் வீண் செலவு என்று கருதவில்லை.

பெற்றோருக்கான பாலிசியில் இணைப்பங்கு, அதாவது கோ-பே, எத்தனை சதவீதம் என்று முதலில் பாருங்கள். மூத்த குடிமக்களுக்கென்றே விற்கப்படும் பாலிசிகளில் பில்லில் ஐந்தில் ஒரு பங்கைக் குடும்பமே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சாதாரணம். 5 லட்சம் பில்லில் அது 1 லட்சம் ரூபாய். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுப் பாலிசியில் கோ-பே 5 சதவீதம்தான். ஆனால் அதில் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பும், கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 ரூபாய் அல்லது காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு, இரண்டில் எது குறைவோ அது என்ற வரம்பும் உண்டு. வேறெங்கும் கிடைக்காத நிலையில் அது ஒரு நல்ல புகலிடம். 65 வயதைத் தாண்டியவருக்குப் புதிய பாலிசி கிடையாது என்ற பழைய வழக்கம் 2024 ஏப்ரலோடு போய்விட்டது என்றாலும், அப்பா இப்போது நலமாக இருக்கும்போதே எடுப்பது வேறு, இரண்டு ஆண்டு கழித்து ஒரு ஸ்டென்ட் வைத்த பிறகு விண்ணப்பிப்பது வேறு.

கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், மூட்டு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு, நோய் முன்பே இருந்ததோ இல்லையோ, இரண்டு ஆண்டுகளோ மூன்று ஆண்டுகளோ காத்திருக்க வேண்டும். முதல் 30 நாட்களில் விபத்துக்கு மட்டுமே காப்பீடு. அலுவலகக் காப்பீட்டில் இந்தக் காத்திருப்புகள் பெரும்பாலும் இருக்காது. அதன் பெருமை அவ்வளவுதான். வேலை போனால், அல்லது நீங்கள் வேலையை விட்டால், அதுவும் அன்றே முடிந்துவிடும். அதை மட்டும் நம்பி 45 வயதுவரை இருந்துவிட்டு, பிறகு சொந்தப் பாலிசி எடுக்க வந்து முதல் மாதத்திலிருந்து காத்திருப்பைத் தொடங்குபவர்கள் நிறையப் பேர்.

உங்கள் மூவருக்கு எவ்வளவு தொகை வேண்டும் என்றால், கோவையின் பெரிய மருத்துவமனைகளை மனத்தில் வைத்து 10 லட்சத்துக்குக் குறையாமல் என்பேன். அதையும் மலிவாகச் செய்ய ஒரு வழி உண்டு: 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி, அதன்மேல் 5 லட்சத்தைக் கழிவாக வைத்து, அதாவது பில்லில் அந்தத் தொகையைத் தாண்டியதை மட்டும் தரும்படி, ஒரு சூப்பர் டாப்-அப் பாலிசி. இதில் "சூப்பர்" என்ற சொல் விளம்பரத்துக்காகச் சேர்த்தது அல்ல. ஆண்டில் இரண்டு முறை 4 லட்சம், 4 லட்சம் என்று பில் வந்தால், வெறும் டாப்-அப் எதுவும் தராது. ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று சொல்லிவிடும். சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சம் என்று எடுத்துக்கொண்டு, 5 லட்சம் போக 3 லட்சம் தரும்.

காப்பீட்டில் வராத சில்லறைப் பொருட்கள் என்று மேலே சொன்னேன். டயபர், தெர்மாமீட்டர், ஆக்சிஜன் மாஸ்க், நெபுலைசேஷன் கிட், உடனிருப்பவரின் சாப்பாடு என்று நீளும் இந்தப் பட்டியலில் 68 இனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறியது, பத்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தால் கூட்டுத்தொகை சிறியதல்ல. கூடுதல் பிரீமியத்துக்கு இவற்றையும் ஏற்கும் துணை வசதி கிடைக்கிறது. பெற்றோரின் பாலிசிக்கு அது பயனுள்ளது. அதேபோல், உள்நோயாளியாக 24 மணி நேரம் இருந்தால் கிளைம் நிச்சயம் என்று எண்ணிவிடாதீர்கள். வெறும் பரிசோதனைகளுக்காகச் சேர்த்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிப்பவருக்குத் தோன்றினால் கிளைம் மறுக்கப்படும். இரண்டு நாள் படுத்திருந்து ஸ்கேன்கள் எடுத்து, இரண்டு மாத்திரையோடு வீடு திரும்பியவர்களின் கிளைம்கள் இப்படித்தான் அடிபடுகின்றன. மாறாக, கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்றவற்றுக்கு 24 மணி நேரம் தேவையே இல்லை.

கேஷ்லெஸ் விண்ணப்பத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜின்போது மருத்துவமனை இறுதிப் பில்லை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும், தாமதத்தால் மருத்துவமனைச் செலவு கூடினால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும் என்று ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. ஒரு சிறு நடைமுறைக் குறிப்பு: காலைச் சுற்றில் மருத்துவர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்ன நேரத்திலிருந்து இந்த மூன்று மணி நேரம் தொடங்குவதில்லை. மருந்துகளைத் திருப்பி, சம்மரியைத் தட்டச்சிட்டு, பில்லை அனுப்பவே பல இடங்களில் மதியம் ஆகிவிடும். தாமதம் எங்கே என்று இன்சூரன்ஸ் மேஜையில் கேட்டால், பில் அனுப்பிய நேரத்தைத் திரையில் காட்டுவார்கள்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை முகவர் காட்டினால் புதியதைக் கேளுங்கள். பிரீமியத்துக்கான வருமான வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம்வரை தருகிறது. உங்கள் வருமானத்துக்கு அது பொருந்தாது என்றாலும், வீட்டு வேலைக்கு வருபவருக்கோ காவலாளிக்கோ அட்டை இருக்கிறதா என்று கேட்டு வைக்கலாம்.

கிளைம் நியாயமின்றி மறுக்கப்பட்டால், நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் காத்திருங்கள். பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம்வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முகவரிடம் மூன்று பாலிசிகளுக்கும் வாடிக்கையாளர் தகவல் தாளைக் கேளுங்கள். அறை வரம்பு, கோ-பே, காத்திருப்பு எல்லாம் அந்தச் சில பக்கங்களில் இருக்கும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். பாலிசி கைக்கு வந்ததும், அதை ஏற்காமல் திருப்பித் தர உங்களுக்கு 30 நாள் இருக்கிறது. அந்த நாட்களில் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, பாலிசியோடு இணைத்திருக்கும் முன்மொழிவுப் படிவத்தின், அதாவது உங்கள் விண்ணப்பத்தின் நகலை. பல வீடுகளில் அதை முகவரே கைபேசியில் நிரப்பியிருப்பார். அம்மாவின் பெயருக்கு நேரே, நீரிழிவு உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தால், எந்த ஆண்டு கண்டறிந்தது, என்ன மாத்திரை என்ற விவரத்தோடு அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்; அவர்கள் அனுப்பும் பதிலை அச்செடுத்து, பாலிசியோடு அதே கோப்பில் வையுங்கள்.